தண்ணீர் வரும் என்று சொல்லாதவர்

எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது, "சொல்ல முடியாதுங்க."

மதியச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணும்போது, "உங்களுக்கும் சேத்துச் சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டால், "சொல்ல முடியாதுங்க." சாப்பாடு வந்ததும் முதல் ஆளாக வந்து உட்காருவார். "நாளைக்கு வருவீங்களா?" என்றால், "இன்னைக்கு வந்திருக்கறனுங்களே, பத்தாதுங்களா?" என்பார். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் அதைத் திமிர் என்று நினைப்பார்கள். இரண்டாம் வாரம் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம், தங்களை அறியாமல் வீட்டில் அதையே சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கம், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கணினியிலும் கைபேசியிலும் ஆடும் விளையாட்டுகளுக்குப் படம் செய்து கொடுக்கும் நிறுவனம். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் விளையாட்டுக்குள் குதிரை ஏறிப் போவான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிற மரம், பாறை, இடிந்த சுவர் எல்லாம் நாங்கள் செய்தவை. பதினான்கு பேர் இருந்தோம். நடத்தியவர் சேலத்தில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். நான் ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவேன். செய்த விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அன்றன்று என்ன மாற்றினோம், யார் மாற்றினார்கள், ஏன் என்று ஒரு நீளப் பதிவேட்டில் எழுதியும் வந்தேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. பள்ளி நாளிலிருந்து கிழமை போட்டு எழுதி வைக்கும் பழக்கம். ஆகவே இங்கே வரும் கிழமைகளை நம்பலாம்.

'சொல்ல முடியாதுங்க' என்கிற அந்தப் பெண் திருச்செங்கோட்டுக்காரர். அவர் குடும்பத்தில் போர் போடும், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும், ரிக் வண்டி இருந்தது. வண்டி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்பாது. கிளம்பும் காலையில் அவர் அப்பாவிடம் "எப்ப வருவீங்க?" என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. போர் போடும் இடத்தில் வண்டிக்காரர்கள் தண்ணீர் வரும் என்றும் சொல்ல மாட்டார்களாம், வராது என்றும் சொல்ல மாட்டார்களாம். "சொன்னா என்னுங்க ஆகும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க. பொய்யாப் போயிரும், அவ்வளவுதான்."

எங்களிடம் அவரைச் சேர்த்துக்கொண்டது பாறை வரைய. "இந்தப் பாறை எத்தன அடில இருக்குதுங்க?" என்று கேட்டு வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்வார். அவர்கள் குழம்பிப் போய், கதைப்படி அது மலை உச்சியில் இருக்கும் பாறை என்று பதில் போடுவார்கள். "உச்சிப் பாறைக்கு இத்தன கறுப்பு ஆகாதுங்க. வெயில்ல கெடந்த பாறையாச்சே," என்று நிறத்தை மாற்றி அனுப்புவார். ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

என் அம்மாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்தது ஒரு தை மாதம். புதன்கிழமை காலை. முந்தின நாள் அலுவலகத்தில் எல்லோரும் என் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆகாது, நல்லாயிரும்" என்றார்கள். நான் அவரிடமும் போய் நின்றேன். நானும் மனிதன்தானே. ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருந்தது.

"சொல்ல முடியாதுங்கண்ணா," என்றார். "நான் வாரேன்."

வந்தார். இரண்டு பகல் முழுக்க மருத்துவமனை வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்லாயிரும் என்று சொன்ன யாரும் வரவில்லை. அம்மா பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவருடைய வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது.

அவருக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்ய வேண்டும் என்று ஆசை. பாயிடம் கேட்டார். பாய், "ஓடுமா தங்கச்சி?" என்றார். என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாய் சிரித்துவிட்டு, "சரி, செய்ங்க. ஓடும்னு சத்தியம் பண்ணி எத்தன பேரு என்னய ஏமாத்திட்டான்," என்றார்.

விளையாட்டின் பெயர் 'புகை'. எங்கள் பக்கத்தில் போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் "புகைதான் வந்துச்சு" என்பார்கள். துளையிலிருந்து பாறைத் தூள் புகையாகக் கிளம்பும். நீரோட்டம் தட்டினால்தான் அது சேறாக மாறும். விளையாட்டில் நீங்கள் ஒரு ரிக் வண்டிக்காரர். ஒரு தோட்டத்துக்குப் போவீர்கள். குடும்பமே சுற்றி நிற்கும். துளை போடுவீர்கள். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் புகையின் நிறம் மாறும். செம்மண், பிறகு வெள்ளை, பிறகு சாம்பல். நிறுத்துவதா, இன்னொரு குழாய் இறக்குவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டும். சில தோட்டங்களில் தண்ணீர் வரும். சில தோட்டங்களில் எவ்வளவு ஆழம் போனாலும் வராது. எந்தத் தோட்டம் எது என்று அவருக்கே தெரியாதபடி எழுதியிருந்தார்.

அதற்காக எங்களை ஒரு சனிக்கிழமை ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர் உறவினர் வண்டி அங்கே நின்றது. இரைச்சலைப் பதிவு செய்ய நான் ஒலிக்கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்காரர் அறுபது வயது இருப்பார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். ரிக் வண்டி வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் அவர் நேராக இவரிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, தண்ணி வந்துருமல்லொ?"

"சொல்ல முடியாதுங்க."

"வந்துரும்னு வாயில சொன்னா கொறஞ்சா போயிருவே?"

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மதியம் இரண்டு மணிவரை புகைதான் வந்தது. வண்டிக்காரர்கள் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். எல்லோரும் நிற்கிறார்கள். யாருக்கும் போக இடமில்லை. கம்ப்ரசர் நின்றுவிட்டதால் திடீரென்று அப்படி ஓர் அமைதி. அந்த வீட்டு அம்மா தலையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூளோடு உள்ளே போய், ஒரு தட்டில் காப்பி கொண்டு வந்தார். வண்டிக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கு வாங்கக் கை வரவில்லை.

"வாங்கிக்கோங்கண்ணா," என்று இவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "பொகை வந்தாலும் காப்பி குடுத்துத்தான் அனுப்புவாங்க. வாங்காம வந்தீங்கன்னா அதுதானுங்க கேவலம்."

'புகை'யின் உயிர் அதில்தான் இருந்தது. தண்ணீர் வராத தோட்டத்தில் நாற்பது விநாடி எதுவும் செய்ய முடியாது. இசை கிடையாது. குழாய்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். குடும்பம் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு பெண் தட்டோடு வருவாள். திரையில் ஒரே ஒரு பொத்தான் தோன்றும்: 'காப்பி வாங்கிக்கொள்'. அதைத் தொடாவிட்டால் விளையாட்டு நகராது. அவள் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பாள். ஒரு நாள் சோதனைக்காக நான் தொடாமல் விட்டுப் பார்த்தேன். ஏழு நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. ஏராளமான விளையாட்டுகளை ஆடியிருக்கிறேன், அவற்றைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன். தோற்றவனுக்கு மரியாதை செய்த விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அது முக்கால்வாசி முடிந்திருந்தபோது எங்களை விற்றார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே வேலை கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டார்கள். பாய்க்கு வேறு வழியில்லை. ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, பெங்களூர் நிறுவனம் ஒன்று எங்களை வாங்கியது. எல்லோருக்கும் நீலக் கழுத்துப்பட்டையில் அடையாள அட்டை வந்தது. மாசி முடிவதற்குள் அந்தப் பெங்களூர் நிறுவனத்தை அதைவிடப் பெரியது வாங்கியது. பட்டை பச்சையானது. அடுத்த ஆடியில் அதையும் கடல் கடந்த ஒன்று வாங்கியது. பட்டை சாம்பல் நிறமானது. ஒவ்வொரு முறையும் ஒரு காணொளி வரும். நாம் இனி ஒரே குடும்பம் என்று யாரோ ஒருவர் கை விரித்துச் சொல்வார்.

"மூக்கணாங்கயிறத்தான் மாத்தறாங்க," என்றார் அவர், புதுப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே. "மாடு அதேதானுங்க."

சிரித்தோம். அந்த மாதமே பதினான்கு பேரில் இரண்டு பேரை நிறுத்தினார்கள்.

எங்கள் கைக்குள் ஏதோ இருப்பதால்தான் வாங்குகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். வாங்கிய பிறகு அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். இது ஏற்கெனவே வென்ற எந்த விளையாட்டைப் போல இருக்கிறது? திங்கள்தோறும் பெங்களூர் மேலாளர் திரையில் வருவார். தமிழர், மரியாதையானவர். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அவர் கழுத்திலும் சாம்பல் பட்டைதான்.

"மேடம், இது மாதிரி ஓடின கேம் ஒண்ணு சொல்லுங்க. நான் மேல காட்டணும்."

"அந்த மாதிரி இல்லைன்னுதானுங்க இதச் செய்யறேன்."

"புரியுது மேடம். ஆனா பக்கத்துல ஒண்ணு ஓடியிருந்தா இதுவும் ஓடும்னு ஒரு நம்பிக்கை வருமில்ல?"

"பக்கத்துத் தோட்டத்துல தண்ணி இருக்குது, நம்ம தோட்டத்துலயும் இருக்கும்னு நெனச்சுத்தானுங்க பாதிப் பேரு கெட்டுப்போறது."

மேலாளர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சரி, எவ்வளவு நிச்சயம்னாவது சொல்லுங்க. சும்மா ஒண்ணு சொல்லுங்க," என்றார்.

"சும்மாவே சொல்றதுன்னா நீங்களே சொல்லிக்கலாமுங்களே."

இந்தப் பேச்சு அப்படியே என் பதிவேட்டில் இருக்கிறது. அன்று நாங்கள் மேசைக்கடியில் குனிந்து சிரித்ததையும் எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் பாய் சண்டை போட்டு ஒரு வரி சேர்த்திருந்தார். 'புகை'யைப் புது முதலாளிகள் ஆய்வில் ஏற்காமல் விட்டால், அது அதைச் செய்தவருக்கே திரும்பிவிடும். ஏற்றுக்கொண்டால் முழுக்க அவர்களுடையது. பத்திரத்தில் உள்ளதை வெளியே பேசக் கூடாது என்பதும் பத்திரத்திலேயே இருந்தது. பாய்க்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவர் எதற்கும் உறுதி சொல்லாதது அவர் பிறவிக் குணம். ஆனால் அந்த ஓர் ஆண்டு அந்தக் குணத்தாலேயே தன் விளையாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் இவ்வளவுதான்: தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருப்பது.

ஆய்வுப் படிவம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். இரண்டை விட்டுவிட்டார். ஒன்று, வெற்றி எவ்வளவு உறுதி: உயர்வு, நடுத்தரம், குறைவு. மற்றொன்று, ஆட்டக்காரர் தோற்கும் இடங்களை நீக்கச் சம்மதமா: ஆம், இல்லை. இரண்டும் நிரம்பாத படிவத்தைக் கணினி வாங்காது. அனுப்பாத விளையாட்டை ஏற்காததாகக் கணக்கில் கொள்வார்கள் என்று படிவத்தின் அடியிலேயே போட்டிருந்தது.

அவர் அப்பாவுக்கு அன்று திருச்செங்கோட்டில் கண் அறுவை. மதியம் இரண்டு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவருகே நின்று என்னைப் பார்த்து, "அந்த ரெண்டு கட்டம் அப்படியே இருக்கட்டும்ணா. ஆரும் தொட வேண்டாம்," என்றார்.

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்களேங்க."

"மூடட்டுங்க."

அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுதிப் பயனில்லை. 'புகை' செத்துவிடும் என்று நினைத்தேன். அது போனால் எங்கள் மாடியையே மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். மீதமிருந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குக் கைக்குழந்தை. என் அம்மாவின் மாத்திரைகள். அவருடைய பிடிவாதம் எல்லோரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது என்று தோன்றியது. ஒரு சொல்தானே. ராசிபுரத்துக் கிழவர் கேட்ட மாதிரி, வந்துரும்னு சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை; அறுவை நடக்கும் இடத்தில் இருந்திருப்பார். நான்கு ஐம்பத்தைந்துக்கு அவர் இருக்கையில் உட்கார்ந்தேன். படிவத்தைத் திறக்க என் அடையாள எண்ணைப் போட்டேன். 'உயர்வு' என்பதைத் தொட்டேன். அடுத்த கட்டத்தில் 'ஆம்' என்பதைத் தொட்டேன். முதலில் ஏற்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணம். அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப் பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை ஒப்புதல் வந்தது. நான் காலையிலேயே இனிப்பு வாங்கி வைத்திருந்தேன். அவர் வந்து திரையைப் பார்த்தார். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"ஆருங்க போட்டது?"

"நான்தானுங்க. இல்லைன்னா போயிருக்குமுங்க. நல்லதுக்குத்தான்..."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படீங்கண்ணா தெரிஞ்சுது?"

பாய் தன் அறையிலிருந்து வந்தார். என்னைத் தனியாக மாடிப்படிக்கு அழைத்துப் போய்ப் பத்திரத்தில் இருந்த வரியைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் சிவந்திருந்தது. "இனிமே மறைச்சு என்னத்துக்கு? அஞ்சு நிமிசம், மச்சான். அஞ்சே நிமிசம் நீ டீ குடிக்கப் போயிருந்தீன்னா அந்தப் புள்ளைக்கு அது கெடச்சிருக்கும்." ஏழு ஆண்டுப் பழக்கத்தில் பாய் என்னை மச்சான் என்று அழைத்தது அன்று ஒருநாள்தான்.

'புகை' பெங்களூருக்குப் போனது. அங்கிருந்து இன்னும் எங்கோ போனது. அவரை எட்டு வாரம் வைத்துக்கொண்டார்கள், புதியவர்களுக்கு விளக்கிச் சொல்ல. ஒவ்வொரு நாளும் வந்தார். முதலில் நாற்பது விநாடியைப் பத்தாக்கினார்கள். பிறகு நின்று பார்க்கும் குடும்பத்தை எடுத்தார்கள், மனச்சோர்வு தருகிறதாம். பிறகு எல்லாத் தோட்டத்திலும் தண்ணீர் என்று ஆனது. விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் சீக்கிரம் வரும், பார்க்காவிட்டால் கொஞ்சம் தாமதமாக வரும்.

அவர் கெஞ்சிப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான், காப்பியையும் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று. வியாழக்கிழமை, திரையில் முகம் தெரியாத ஆறு பேர்.

"தண்ணி வேணா வரட்டுங்க. அந்தக் காப்பிய மட்டும் எடுக்காதீங்க."

மேலாளர் அதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், அவங்க என்ன கேக்கறாங்கன்னா... எல்லாத் தோட்டத்துலயும் தண்ணி வந்துருது. அப்புறம் காப்பிக்கு என்ன அர்த்தம்?"

"ஆமாங்க," என்றார் அவர். "அர்த்தமில்லைதானுங்க." காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை, ஒருங்கிணைப்பு என்ற தலைப்பில் ஒரு கடிதம் வந்தது. ஒரே மாதிரி வேலை பல ஊர்களில் நடப்பதால் சிலவற்றை மூடுவதாகச் சொன்னது. எங்கள் மாடியும் அதில் இருந்தது. உறுதி என்று நான் தொட்ட பொத்தான் ஒருவருடைய வேலையையும் காப்பாற்றவில்லை. அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரும் சாம்பல் பட்டைகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு இறங்கினோம். கீழே மெத்தைக் கடைக்காரர், "என்னங்க, எல்லாரும் ஒண்ணாக் கெளம்பீட்டிங்க? லீவா?" என்று கேட்டார்.

பல மாதம் கழித்து, புதுப் பேருந்து நிலையத்தில் ஒரு கல்லூரிப் பெண் கைபேசியில் அதை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வேறு பெயர். மஞ்சள் நிற ரிக் வண்டிக்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தார்கள். என் கைபேசியில் இறக்கினேன். கடைசியில், செய்தவர்கள் பட்டியல் நீளமாக ஓடும் இடத்தில், 'மூலக் கருத்து' என்பதற்கு எதிரே என் பெயர் இருந்தது. படிவத்தை அனுப்பியவர் யாரோ அவர் பெயரைக் கணினியே எடுத்துக்கொண்டிருக்கிறது. பட்டியலை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் பெயர் எங்குமே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை திருச்செங்கோட்டுக்குப் போனேன். விசாரித்ததில், ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பேனர் வடிவமைக்கிறார் என்றார்கள். சின்னக் கடை. அவர் ஒரு காதணி விழா பேனரில் தாய்மாமன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் பெருசா, மாமன் சண்டைக்கு வருவானுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கெடச்சுருங்களா?"

"காலைல பத்து மணிக்கு வாங்க. கண்டிப்பா ரெடியா இருக்கும்," என்றார் அவர்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "அம்மா நல்லாருக்காங்களா?" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் வந்த விஷயத்தைச் சொல்லாமல் கைபேசியை நீட்டினேன். அவர் வாங்கி ஆடினார். முதல் தோட்டம், தண்ணீர். இரண்டாவது, தண்ணீர். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றிலும் பொற்காசு மாதிரி ஏதோ தெறித்தது. பொறுமையாகப் பன்னிரண்டு தோட்டம் ஆடினார். பிறகு பட்டியலைத் திறந்து கடைசிவரை பார்த்தார். அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

"பேர மாத்தச் சொல்லி எழுதிப் போட்டேனுங்க," என்றேன். "நாலு தடவ. மொத ரெண்டுக்குப் பதிலே இல்ல. மூணாவதுக்கு, அந்தப் பிரிவு இப்ப எங்ககிட்ட இல்லைன்னு வந்துது. நாலாவது கடுதாசி திரும்பியே வந்துருச்சுங்க. கம்பெனியவே வேற ஆரோ வாங்கிட்டாங்களாம். ஆரக் கேக்கறதுன்னே தெரியலீங்க."

"அப்ப உடுங்க."

"எப்படீங்க உடறது?"

அவர் கைபேசியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். கடைக்குள் அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. தாய்மாமன் நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேல் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"நீங்க எல்லாத்தையும் எழுதி வெக்கற ஆளாச்சே. என்னப் பத்தியும் எழுதுவீங்க."

"ஆமாங்க. எழுதத்தான் போறேன். ஆரு செஞ்சதுன்னு நாலு பேருக்காவது தெரியட்டும்."

"எழுதுங்க. என்ற பேர மட்டும் போட்டுறாதீங்க."

"ஏனுங்க?"

அவர் திரையின் பக்கம் திரும்பி, அடுத்த பேனருக்கான படத்தைத் திறந்தார்.

"பட்டியல்ல உங்க பேரு இருக்குதுங்களே. ஒரு வெளையாட்டுக்கு எதுக்குங்கண்ணா ரெண்டு பேரு?"